பட்டாளத்துக் கடிதத்தைப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியில் கொள்ளுத்தாத்தாவின் கடிதம் கிடைத்தது, 'ஜெர்மன் சண்டை'க்குப் போய் அடிபட்டவராம், அவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது நிறையப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். வர வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. இறந்தவர்களில் பலருடைய பெயர் எங்காவது ஒரு கல்லில் இருக்கிறது. நம் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் சாவடிச் சுவரில் சின்னச் சலவைக்கல் பார்க்கலாம்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கு அந்தக் கல்லில் ஓர் எண்ணிக்கைகூடக் கிடையாது. அவர்களுக்கு இருப்பது உங்கள் கையில் இருக்கும் கடிதம்தான். அதனால் சில விஷயங்களை வரிசையாகச் சொல்லி வைக்கிறேன்.

1. லேமினேஷன் கடைக்கு ஓடாதீர்கள். நம் ஊரில் பழைய கடிதங்களுக்குக் கரையான் செய்ததைவிட லேமினேஷன் செய்த கேடு அதிகம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். ஈரத்துணி படவே கூடாது. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பலர் சாயம் கலந்த காப்பியிங் பென்சிலில் எழுதினார்கள். காய்ந்திருக்கும்போது எழுத்து சாம்பல் நிறமாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகப் பரவிவிடும். உங்கள் கடிதத்திலும் அங்கங்கே ஊதாத் திட்டு இருக்கலாம். அது கண்ணீர் என்று உடனே எழுதிவிடாதீர்கள். மழையாக இருக்கலாம், வியர்வையாக இருக்கலாம், பென்சில் முனையை நாக்கில் தொட்டு எழுதிய பழக்கமாகவும் இருக்கலாம். ஜன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சத்தில், முன்புறமும் பின்புறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். அதன் பிறகு வேலையெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான். அசல் பெட்டிக்குத் திரும்பிவிட வேண்டும்.

2. வாசகத்துக்கு முன்னால் தேதியையும் முத்திரையையும் படியுங்கள். எங்கே இருக்கிறேன் என்று சிப்பாய் எழுதக் கூடாது. அது போர்க்கால விதி. ஆனால் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸின் முத்திரையில் ஓர் எண் இருக்கும். எண்ணை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் படை நகர நகர அந்தத் தபாலகமும் கூடவே நகர்ந்தது. எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடம் தெரியும். இந்தியப் படைகளின் தபால் முத்திரைகளைப் பற்றித் தபால்தலை சேகரிப்பவர்கள் நுணுக்கமான பட்டியல்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். சரித்திரப் பேராசிரியரைத் தேடுவதற்கு முன் பக்கத்து ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

தேதி தமிழில் இருந்தால் கலங்க வேண்டாம். 1914 சித்திரையில் பிறந்தது ஆனந்த வருஷம். அதன் பின் ராட்சச, நள, பிங்கள. 1918 சித்திரையில் காளயுக்தி. 'நள வருஷம் ஆடி மாதம்' என்று இருந்தால் 1916 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள். நாள் எண்களைத் தமிழ் எண்களிலேயே எழுதியவர்களும் உண்டு, அவற்றைப் படிக்க ஓர் அரைமணி நேரம் பழகிக்கொண்டால் போதும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன். தேதி தெரியாத கடிதத்தை எந்தப் போர்க்களத்தோடும் ஒட்டிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் ஒட்டுகிறார்கள்.

3. எழுதிய கை யாருடையது என்று கேளுங்கள். சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. கம்பெனியில் எழுத்து தெரிந்த ஒருவரோ, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரோ எழுதிக்கொடுத்தார்கள். ஊரிலும் அதே கதைதான். வாத்தியாரோ தபால்காரரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினார். அனுப்பும் இடத்தில் ஒருவர், வாங்கும் இடத்தில் ஒருவர், அதற்கு மேல் சுற்றி நிற்கும் தெரு. இத்தனை பேர் காதில் விழும் என்று தெரிந்து சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை. பெண்டாட்டிக்கென்று தனியாக ஒரு வரி இல்லையே, மனுஷன் கல்நெஞ்சனோ என்று நினைத்துவிடாதீர்கள். 'இவ்விடம் க்ஷேமம்' என்ற தொடக்கமும், பெரியவர்களுக்கெல்லாம் நமஸ்காரம் சொல்லும் நீண்ட வரிசையும் எழுதுபவரின் வழக்கம். அவற்றைத் தாண்டி, வழக்கத்தை உடைத்துக்கொண்டு வரும் வரி ஒன்று இருக்கும். மாட்டை விற்காதே என்றோ, தம்பியைப் பட்டாளத்துக்கு அனுப்பாதே என்றோ. அந்த இடத்தில்தான் சிப்பாயின் குரல் கேட்கும். அதை அடிக்கோடிடுங்கள்.

4. இன்னொருவரும் படித்தார், அவர் சென்சார். பிரான்சுக்குப் போன இந்தியப் படையின் கடிதங்களைப் படிக்க பூலோன் துறைமுகத்தில் ஒரு தனி அலுவலகமே இருந்தது. ஹோவெல் என்ற அதிகாரி அதற்குத் தலைவராக இருந்தார். கடிதங்களிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் அந்த அறிக்கைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து டேவிட் ஒமிசி 1999-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார், கிடைத்தால் அவசியம் படியுங்கள். சென்சார் பார்ப்பார் என்பது சிப்பாய்களுக்கு நன்றாகத் தெரியும். கறுப்பு மிளகு தீர்ந்துபோய்விட்டது, இப்போது சிவப்பு மிளகாய்தான் செலவாகிறது என்கிற மாதிரி எழுதினார்கள். கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரன். ஆகவே உங்கள் கடிதத்தில் மளிகைச் சாமான், விளைச்சல், கல்யாணம் என்று ஏதாவது பொருத்தமில்லாத இடத்தில் வந்தால் இரண்டு தரம் படியுங்கள். எல்லாவற்றையும் சங்கேதமாக்கிவிடவும் கூடாது. விவசாயி மழையைப் பற்றிக் கேட்டால், அவன் மழையைத்தான் கேட்கிறான்.

ஒன்று கவனித்தீர்களா? அந்த அறிக்கைகளில் மிஞ்சியது பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும்தான். அசல்கள் பஞ்சாபுக்கும் கார்வாலுக்கும் போய், எங்கெங்கோ அழிந்தன. உங்களிடம் இருப்பது அசல். மொழிபெயர்ப்பாளர் கை படாத, சிப்பாயின் சொந்த மொழியில் இருக்கும் காகிதம். பிரான்சில் போரிட்ட படைகளில் வடக்கத்திக்காரர்களும் கூர்க்காக்களுமே அதிகம் என்பதால், தமிழ்க் கடிதங்கள் அந்த அறிக்கைகளில் அரிது. அதனால் உங்கள் ஒற்றைக் கடிதத்துக்கு, நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம்.

5. சண்டையைத் தேடாதீர்கள், காயம் போன வழியைத் தேடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் எந்தப் போரில், யார் சுட்டார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடிதத்தில் அது இருக்காது. அடிபட்டவர் வீட்டாரைத் தேற்றுவதற்காக எழுதினார். 'கையில் கொஞ்சம் காயம், இப்போது சௌக்கியம், கவலை வேண்டாம்' என்பதற்கு மேல் எழுதமாட்டார். ஆனால் ஒரு மனிதன் சுடும்போது யாரும் குறிப்பு எடுப்பதில்லை. அடிபட்டு விழுந்தவனைத் தூக்கிய நிமிஷத்திலிருந்து எழுத்துவேலை ஆரம்பமாகிவிடுகிறது. படைப்பிரிவின் முதலுதவி இடம், பிறகு ஃபீல்டு ஆம்புலன்ஸ், பிறகு காயமடைந்தவர்களைப் பிரித்து அனுப்பும் நிலையம், ஆம்புலன்ஸ் ரயில், ஆஸ்பத்திரிக் கப்பல், பெரிய ஆஸ்பத்திரி. வழியிலிருந்த மருத்துவப் பிரிவுகள் நாட்குறிப்பு எழுதின. இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரை அனுப்பினோம், மழையா வெயிலா, கட்டுத்துணி போதுமா என்றெல்லாம் அவற்றில் இருக்கும். சிப்பாயின் பெயர் பெரும்பாலும் இருக்காது, எண்ணிக்கையில் ஒருவராகத்தான் இருப்பார். பரவாயில்லை. அந்த எண்ணிக்கைக்குள் அவர் இருக்கிறார் என்று தேதி சொல்கிறது அல்லவா?

பிரான்சில் காயம்பட்ட இந்தியர் பலரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரைட்டன் நகரத்தில் வைத்தார்கள். அரச குடும்பம் கட்டிய ராயல் பெவிலியன் மாளிகையே 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை ஆஸ்பத்திரி. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். சரவிளக்குக்கும் தங்க வேலைப்பாட்டுக்கும் கீழே வரிசையாகக் கட்டில்கள். மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். இவற்றைப் படம்பிடித்து அஞ்சலட்டையாகவும் புத்தகமாகவும் பரப்பினார்கள்; ராஜா தன் அரண்மனையையே சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டார் என்ற செய்தி இந்தியாவுக்குப் போக வேண்டும் என்பது சர்க்காரின் எண்ணம். எனவே பிரைட்டனிலிருந்து வந்த கடிதம் சந்தோஷமாக இருந்தால், அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அந்த இடத்துடையது என்று நிதானித்துப் பாருங்கள். சந்தோஷம் பொய் என்று சொல்ல வரவில்லை. சேற்றுக் குழியிலிருந்து வந்தவனுக்கு வெள்ளை விரிப்பு சந்தோஷம்தான். மீர் தஸ்த் என்ற ஜமேதார் 1915 ஏப்ரல் 26 அன்று ஈப்ர் களத்தில், விஷவாயுவுக்கு நடுவில் எட்டு அதிகாரிகளைக் காப்பாற்றி விக்டோரியா கிராஸ் பெற்றவர். அரசர் பெவிலியனுக்கே வந்து அதை அவருக்கு அணிவித்தார். அதன் பிறகும் அவர் எழுதிய கடிதத்தில், பதக்கத்துக்குப் பக்கத்திலேயே, வாயு தன் உடம்பைக் கெடுத்துவிட்ட வருத்தம் இருக்கிறது. பதக்கமும் வருத்தமும் ஒரே காகிதத்தில் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

தமிழ்க் குடும்பங்களில் பிரான்சைவிட 'பஸ்ராவுக்குப் போனவர்' என்ற பேச்சுதான் அதிகம் காதில் விழும். இன்றைய இராக்கில் இருக்கும் அந்தப் பக்கத்தில் காயம் போன வழி வேறு. 1915 நவம்பரில் டெசிபோன் சண்டைக்குப் பிறகு, காயம்பட்டவர்களை வில் இல்லாத வண்டிகளில் மேடுபள்ளத்தில் குலுக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து படகுகளிலும் இழுவைத் தோணிகளிலும், கட்டு மாற்ற ஆளில்லாமல், கழிப்பிடத்துக்கு நகர முடியாமல், நாட்கணக்கில் டைக்ரிஸ் ஆற்றில் வந்தார்கள். 'மெஜிதியா' என்ற கப்பல் பஸ்ராவை நெருங்கியபோது அதன் பக்கங்களில் கயிறு தொங்குவதுபோல் தெரிந்ததாம். கிட்டப் போனால் அது மனிதக் கழிவு. இதைக் கண்ணால் பார்த்த கார்ட்டர் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி வாயை மூடிக்கொண்டிருக்க மறுத்தார். பிறகு விசாரணைக் குழு அமைந்து, 1917-இல் அறிக்கை வெளிவந்து, இந்தியாவுக்கான மந்திரி ஆஸ்டன் சேம்பர்லேன் பதவி விலகினார். அந்த அறிக்கை அச்சில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். உங்கள் தாத்தா அந்த மாதங்களில் பஸ்ரா வழியாக அனுப்பப்பட்டவராக இருந்தால், அவர் எழுதிய 'கப்பலில் வந்து சேர்ந்தேன்' என்ற மூன்று வார்த்தைக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடியது இதுதான்.

சென்னை மாகாணத்து ஜனங்கள் கொடுத்த நன்கொடையில் 'மெட்ராஸ்' என்றே பெயரிட்ட ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்றும் அந்தப் போரில் ஓடியது. கடிதத்தில் 'மெட்ராஸ் கப்பல்' என்று வந்தால், மெட்ராஸுக்கு வந்த கப்பல் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

6. நம்ப முடியாததை அடித்துவிடாதீர்கள். ஆனந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சிப்பாய், தேனீ கொட்டி அவஸ்தைப்பட்டோம் என்று எழுதியிருந்தால் பேரன் சிரிப்பான். ஆனால் 1914 நவம்பர் 2 முதல் 5 வரை கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த சண்டையில், குண்டுச் சத்தத்தில் கலைந்த காட்டுத் தேனீக்கள் இரண்டு தரப்பையும் துரத்திக் கொட்டின. அங்கே 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும், சென்னைப் படையைச் சேர்ந்த 61-ஆம் பயனியர்களும் இருந்தார்கள். நம் ஆட்கள்.

7. யாரையும் கோழை என்று எழுத உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதே டாங்காவில் பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் கப்பலில் நெருக்கியடித்து, வாந்தியும் மயக்கமுமாக வந்தவர்களைக் கரையில் இறக்கி, எதிரியின் பலம் தெரியாமல் புதருக்குள் நடக்கவிட்ட தளபதிகளின் குற்றம் அந்தப் பக்கங்களில் அவ்வளவு அழுத்தமாக இல்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கைக் காயம் விஷயமும் இப்படித்தான். 1914 கடைசியில் பிரான்சில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்குக் கையில் காயம் பட்டது. சண்டையிலிருந்து தப்பிக்கத் தங்களையே சுட்டுக்கொள்கிறார்கள் என்று சந்தேகம் கிளம்பியது. பிரைட்டனிலேயே இருந்த கிச்சனர் ஆஸ்பத்திரியின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை ஆராய்ந்து 1915-இல் அறிக்கை கொடுத்தார். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்பது அவர் முடிவு. பதுங்குகுழியில் நிற்பவனுக்குத் துப்பாக்கியைத் தூக்கும்போது வெளியே தெரிவது தலையும் கையும்தானே. தாத்தாவின் இடது உள்ளங்கையில் வடு என்று பாட்டி சொன்னால், உங்கள் முகத்தில் ஒரு நொடிகூடச் சந்தேகம் தெரியக் கூடாது.

மீர் தஸ்தின் சொந்தச் சகோதரர் மீர் மஸ்த், 1915 மார்ச்சில் ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவரைக் கொண்டாடி மற்றவரைத் திட்டுவது சுலபம். ஏன் போனார், எது போக வைத்தது என்று தேடுவதுதான் நம் வேலை.

8. பெயரைவிட ரெஜிமெண்ட் நம்பரை நம்புங்கள். ஆங்கில குமாஸ்தா நம் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே முனுசாமி ஒரு தாளில் முன்னுசாமி, இன்னொன்றில் மூனிஸ்வாமி, வேறொன்றில் வெறும் சாமி. எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடுங்கள். நம்பர், படைப்பிரிவு, தகப்பனார் பெயர், தாலுகா ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இவர்தான் என்று முடிவு செய்யாதீர்கள். ஆனைமுத்துகளும் சின்னப்பன்களும் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

9. எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, இந்தியப் படைகளுடையதும் சேர்த்து. 1940 குண்டுவீச்சில் எரிந்துபோன பணிப்பதிவுகள் பிரிட்டிஷ் சிப்பாய்களுடையவை. 'எல்லாம் எரிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். பஞ்சாப் சிப்பாய்களின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்து இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. நமக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர் என்றால் பெங்களூரு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு எழுதுங்கள். சர்க்கார் உத்தரவுகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கைதியாகப் பிடிபட்டவர் என்றால் ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டைகள். இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். அதற்கெல்லாம் முன்னால் அதே டிரங்குப் பெட்டியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டோ பென்ஷன் தாளோ இருந்தால், அதில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அந்தக் காயம் வடுவாகப் பதிவாகியிருக்கலாம்.

10. ஆஸ்பத்திரியோடு கதையை முடிக்காதீர்கள். காயம்பட்டவர் ஊருக்கு வந்து முப்பது, நாற்பது வருஷம் வாழ்ந்திருப்பார். போர் அவருக்குச் சில மாதங்கள்தான். காயம் ஆயுசு முழுக்க. வீட்டில் வயதான பெண்களிடம் கேளுங்கள். 'தாத்தா போரில் என்ன செய்தார்' என்று கேட்டால், தெரியாது கண்ணு என்பார்கள். எந்தக் கையால் சாப்பிட்டார், வேட்டியைத் தானே கட்டிக்கொண்டாரா, ஏர் பிடித்தாரா, மழைக்காலத்தில் எங்கே வலிக்கிறது என்பார், தீபாவளி வெடிச் சத்தத்துக்கு எங்கே போய் உட்காருவார் என்று கேளுங்கள். அப்போது பேச்சு தானாக வரும். பென்ஷன் வாங்க யார் துணைக்குப் போனார்கள், அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்பதையும் கேளுங்கள். அவர் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்ட மனைவியின் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது. அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

11. எழுதும்போது மூன்றையும் கலக்காதீர்கள்: கடிதம் சொல்வது, ஆவணங்கள் சொல்வது, நீங்கள் ஊகிப்பது. நான் மூன்று நிற மையில் எழுதச் சொல்வேன். அச்சுக்குப் போகும்போது நிறம் போய்விடும், ஆனால் எழுதியவருக்கு எது எது என்று ஞாபகம் இருக்கும், வாக்கியமும் அதற்கேற்ப அமையும். கடிதத்தின் வாசகத்தை எழுத்துப் பிழையோடு, சந்தி இல்லாமல், இருந்தது இருந்தபடியே எடுத்தெழுதுங்கள். திருத்திய வடிவம் வேண்டுமானால் அதன் கீழே தனியாகப் போடுங்கள். வீட்டுக்கு வெளியே போகக் கூடாத விஷயம் ஏதாவது, நோயோ கடனோ இன்னொரு குடும்பமோ, கடிதத்தில் இருந்தால் அச்சிடுவதற்கு முன்பு மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முழுவதும் எழுதி முடித்ததும் ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் எடுத்து, கடிதத்தின் படத்தையும் சேர்த்து, அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தவரிடம் கொடுங்கள். அவருக்குக் கண் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே படித்துக் காட்டுங்கள். அவர் 'இல்லை, அப்படி இல்லை' என்று குறுக்கிட்டால் நிறுத்திவிட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.